பின்னிருக்கை

பெரியத்தா எவ்வளவு உயரம் என்பது பற்றி ஒரு மாலை எங்கள் வீட்டில் தகராறு மூண்டது. அவர் காணாமற்போய் அப்போது பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

"ஆறடிக்கு ஒரு விரக்கட கொறச்சல். கதவு நெலையில குனிஞ்சுதான் வருவான்," என்றார் மாமா.

"நம்ம வீட்டு நெலையில நானே குனிஞ்சுதான் வாரேன்," என்றாள் அம்மா.

என் தகப்பனாரான அத்தாவையும் கேட்டார்கள். மனிதர்களை அளப்பதைவிடப் பதனிட்ட தோல்களை அளந்தே பழகியவர் அவர். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தோல்ஷாப்புக்குப் புறப்பட்டுவிட்டார்.

பெரியம்மா மட்டும் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. சுவரில் முதுகு படிய நிமிர்ந்து நின்றாள். என் அடிக்கோலைத் தன் உச்சந்தலையில் படுக்கைவாட்டில் வைத்து, அது சுவரைத் தொடும் இடத்தில் கரியால் கோடு கிழிக்கும்படி என்னிடம் சொன்னாள். நான் முக்காலியின்மேல் ஏறிக் கோடு கிழித்தேன். அவள் விலகி வந்து அதைப் பார்த்தாள்.

"என் உச்சி அவுக தாடைக்கு வரும். இதுல என்ன பேச்சு?" என்றாள்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவைப் பார்த்தார். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். உயரம் தீர்மானமாயிற்று என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

பெரியம்மா என் அம்மாவின் அக்காள். மாமா இருவருக்கும் மூத்தவர். திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே சுவரின் இரு புறங்களில் இருந்தன. பெரியம்மா எங்களோடு இருந்தாள். பதினேழு வயதில் அவளுக்குத் திருமணம் நடந்தது. அவள் கணவரான பெரியத்தா விமானப் படையில் ஃபிட்டர். யுத்தம் வந்தபோது, சென்னைக்கு அருகே கடலோரக் காவலுக்குப் பறந்துகொண்டிருந்த பழைய இரட்டை இறக்கை விமானங்களுக்கு வேலை பார்த்தார். அந்த விமானங்கள் அன்றைக்கே வயதானவை. மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, இடையே கழிகளும் கம்பிகளும். முன்னால் ஓட்டுபவர், பின்னால் ஒரு துப்பாக்கியுடன் இன்னொருவர். பின்னால் போக ஆள் குறைந்த நாட்களில் ஃபிட்டர்களையே ஏற்றி அனுப்புவார்களாம். அப்படி ஒருநாள் பெரியத்தா ஏறிப் போனார். விமானம் திரும்பவில்லை. ‘காணவில்லை’ என்று தந்தி வந்தது. பின்னால் வந்த காகிதங்கள் அவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்றன. பெரியம்மா கொள்ளவில்லை.

அவளைக் குறை சொல்லவும் இயலாது. பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் செத்துப்போனதாக எண்ணப்பட்டவர்கள் ஒவ்வொருவராக யுத்தம் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். சித்தையன்கோட்டையில் ஒருவர், தமக்காக ஃபாத்திஹா ஓதி நெய்ச்சோறு ஆக்கிப் போட்ட மறுநாள் வந்து இறங்கி, சோறு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டதாக ஊரெல்லாம் பேச்சு. பெரியம்மா அந்தக் கதையைச் சிரிப்பதற்காகச் சொல்வதில்லை.

மாமாவுக்கு அதே சித்தையன்கோட்டையில் வேறொரு காரியம் இருந்தது. மனைவியை இழந்த ஒருவர், பிள்ளைகள் இல்லாதவர், நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர், பெரியம்மாவை நிக்காஹ் செய்துகொள்ளச் சம்மதம் தெரிவித்திருந்தார். மாமா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டிருந்தார்; ஜமாத்திலும் பேசியிருந்தார். காணாமற்போனவனின் மனைவி காத்திருக்க வேண்டிய காலமெல்லாம் எப்போதோ கழிந்துவிட்டது, இத்தா இருந்து முடித்தால் போதும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் அறைக்குள் இருப்பதுதான் இத்தா. மற்றவர்களுக்கு அது ஒரு விதி, அவ்வளவுதான். பெரியம்மாவுக்கோ, அந்த அறைக்குள் காலை வைப்பது பெரியத்தா இறந்துவிட்டார் என்று தானே சொல்வதாகும்.

"மவுத்தானவுகளுக்கு இத்தா இருக்கலாம். உசுரோட இருக்கவுகளுக்கு எப்படிண்ணே இருக்கது?" என்று கேட்டாள்.

"உசுரோட இருந்தா இம்புட்டு வருசத்துல ஒரு கடுதாசி போட மாட்டானா?"

"மெட்ராசுல இருந்தப்பவே மூணு மாசத்துக்கு ஒண்ணு. அதுலயும் பாதி ஒன்னய நலம் விசாரிச்சிருக்கும். கடுதாசிய வச்சா அவுகள எடபோடுற?"

"கடல்ல விழுந்தவன் எங்கம்மா பொழைப்பான்? நீ சொல்லு."

"அகரத்துக் கெணறு ஒண்ணு விடாம குதிச்சு வளந்த ஆளு. அது மூடி இல்லாத வண்டிண்ணே. எந்திரிச்சு நின்னா இடுப்புக்கு மேல வெளியில இருக்கும்னு அவுகளே சொல்லிருக்காக. விழுந்தா வெளிய வந்து நீந்த மாட்டாகளா? ஒரு படகு, ஒரு கப்பலு அந்தப் பக்கம் வராதா?"

"வந்து?"

"எனக்கு அந்த வண்டியப் பாக்கணும். அதுலருந்து ஒரு ஆளு வெளிய வர முடியுமா முடியாதான்னு பாத்துட்டு நான் சொல்றேன்."

"எங்க போயிப் பாப்ப? அதையெல்லாம் ஒடச்சு ஈயம் பித்தளைக்குப் போட்டிருப்பான்."

"செஞ்சு பாக்குறேன்," என்றாள் பெரியம்மா.

மாமா நோன்பு பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். இந்தப் பேச்சிலிருந்து நான் அறிந்துகொண்டது ஒன்றுதான்: எங்கள் வீட்டில் ஒரு விமானம் செய்யப்போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் அன்றே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆதாரம் என்று இருந்தது ஒரே ஒரு புகைப்படம். அதில் பெரியத்தா கீழிறக்கையின் நுனியருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் முழு விமானமும் சற்றுச் சாய்வாகத் தெரிகிறது. பெரியம்மா என் கணக்குப் பெட்டியிலிருந்து கவராயத்தை எடுத்து, படத்தில் அவர் பாதத்திலிருந்து தாடைவரை விரித்தாள். அந்த விரிப்புதான் சுவரில் இருந்த கரிக்கோடு. அதாவது அவள் உயரம். அதைக் கொண்டு இறக்கைக்கும் இறக்கைக்கும் உள்ள இடைவெளி, சக்கரம், விசிறி, மூக்கு என்று ஒவ்வொன்றாக அளந்தாள். தூரத்தில் இருப்பது படத்தில் சிறுத்துத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வால் பகுதியை அதற்கேற்பப் பெருக்கிக் கணக்கிட்டாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அவள் போட்ட கணக்குகளை அண்மையில் ஒருமுறை நான் மனத்துக்குள் மீண்டும் போட்டுப் பார்த்தேன். பிழை காண முடியவில்லை. விமானத்தின் ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டாள். அந்தக் கணக்கில் இறக்கையின் நீளம் ஏறத்தாழ இரண்டு அடி வந்தது.

உடம்புக்குச் சுருட்டுப் பெட்டிப் பலகை. திண்டுக்கல்லில் அதற்குப் பஞ்சமில்லை. பிளேடால் சீவினால் சுருளாக வரும் மெல்லிய பலகை. இறக்கையின் விலா எலும்புகளுக்கு மூங்கில். கூடை முடைபவர்களிடம் வாங்கிய பச்சை மூங்கிலைக் கீறி, விளக்குச் சிம்னியின்மேல் காட்டி வளைத்து, நூலால் கட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டினாள். பகலெல்லாம் வீட்டு வேலை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு விமானம். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் பேசுவதில்லை. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள், வேடிக்கையாக எதுவும் இல்லாததால், சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

முதல் இறக்கை தோலால் கெட்டது. இறக்கை மேளம் மாதிரி விறைப்பாக இருக்கும், விரலால் சுண்டினால் சத்தம் வரும் என்று பெரியத்தா எப்போதோ சொல்லியிருந்தார். வேறொரு வீட்டில் இதைக் கேட்டவர்கள் என்ன செய்திருப்பார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் மேளம் என்றவுடன் எல்லோருக்கும் தோல்தான் நினைவுக்கு வந்தது. அத்தா, சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் நீக்கிய ஓர் ஆட்டுக்குட்டித் தோலை, பதனிடுவதற்கு முன்பே, ஈரத்தோடு கொண்டுவந்தார். வெங்காயத் தோல்போல் அவ்வளவு மெல்லியது. பெரியம்மா அதை இறக்கையின்மேல் இழுத்துப் போர்த்தி ஓரம் தைத்தாள். அத்தா தைத்த ஓரத்தைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். ஆயுள் முழுவதும் தோலோடு வாழ்ந்த மனிதர், அதன் முதற்பாடத்தை அன்று மறந்திருந்தார்.

பங்குனி வெயில் வீட்டுக்குள்ளும் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் நண்பகலில் கூடத்திலிருந்து படக், படக் என்று ஏதோ முறியும் சத்தம் கேட்டது. நாங்கள் போய்ப் பார்ப்பதற்குள் தோல் காய்ந்து சுருங்கி, உள்ளிருந்த மூங்கில்களை ஒவ்வொன்றாக முறித்து, இறக்கையையே ஒரு பக்கமாக மடித்துவிட்டிருந்தது.

மாமா சத்தம் கேட்டு வந்தார். "தோல்ஷாப்புக்காரன் வீட்டுல பச்சத் தோலு காஞ்சா இழுக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சாக்கும்! நம்பச் சொல்றியா?" என்றார்.

"அண்ணே, சத்தியமா அவுக சொன்ன மேளத்தத்தான் நெனச்சேன்."

"நீ நாளக் கடத்துற. இன்னைக்கி ரெக்க, நாளைக்கி வாலு. நோன்பும் வரும், பெருநாளும் வரும், ஒன் வண்டி முடியாது."

பெரியம்மா முறிந்த மூங்கில்களைத் தோலிலிருந்து பிரித்தெடுக்கத் தொடங்கினாள். மாமா வாசல்வரை போனவர், அங்கே நின்று, அடுத்ததற்கு என்ன போர்த்தப்போகிறாள் என்று கேட்டார். மல் துணி, கஞ்சி போட்டு, என்றாள். அவர் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, பூட்டுப் பட்டறையிலிருந்து தலைமுடி அளவு மெல்லிய பித்தளைக் கம்பி ஒரு சுருள் வாங்கிவந்து, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். இறக்கைகளுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாகப் போன கம்பிகளெல்லாம் அவர் கொடுத்ததுதான்.

மல் துணி நன்றாக அமைந்தது. சுண்டினால் சத்தமும் வந்தது. ஆனால் புகைப்படம் அதற்கு மேல் உதவவில்லை. முன்னிருக்கையின் விளிம்பு படத்தில் தெரிந்தது. பின்னிருக்கை இருக்கும் இடத்தில் மேலிறக்கையின் நிழல் விழுந்து ஒரே கறுப்பாக இருந்தது. பெரியம்மா அந்த இடத்தில் வட்டமாக ஒரு துளை மட்டும் வெட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று கேட்டபோது, "உள்ள என்ன இருக்கும்னு தெரியாம எப்படிச் செய்யிறது?" என்றாள்.

உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லக்கூடிய ஒருவரை மாமாதான் கண்டுபிடித்தார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக்காரர், யுத்தகாலத்தில் பெரியத்தாவோடு அதே விமானங்களுக்கு வேலை பார்த்தவர், இப்போது பழனிக்குப் போகும் பஸ்களின் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். அவர் வாயால் நடந்ததைச் சொல்லக் கேட்டுவிட்டால் தங்கையின் பிடிவாதம் தளரும் என்று மாமா எண்ணியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துவந்து முன்னறையில் உட்காரவைத்தார். பெரியம்மா நடுக்கதவுத் திரைக்குப் பின்னால் இருந்தாள்.

வந்தவர் திரையைப் பார்த்துக் கும்பிட்டு, "வணக்கமுங்க," என்றார். பதிலுக்கு நான் விமானத்தை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்தேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இத ஆரு செஞ்சதுங்க?"

"எங்க பெரியம்மா," என்றேன்.

அவர் பாயில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணெய்க்கறை படிந்த விரலால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுக்கொண்டு போனார். "இது இப்படித்தானுங்க போகும். இதும் சரிங்க. இந்தப் பக்கம் பொகை போற கொழாய் ஒண்ணு நீளமா வருமுங்க, போட்டோவுல தெரிஞ்சிருக்காது. சக்கரந்தான் கொஞ்சம் பெருசாப் போச்சுங்க. மாட்டு வண்டிக்கு ஆவும்."

திரைக்குப் பின்னால் பெரியம்மா சிரித்தாள். மாமா சட்டெனத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எங்களுக்கு நெடுநாட்கள் ஆகியிருந்தன.

பிறகு அவள் கேட்க வேண்டியவற்றைக் கேட்கத் தொடங்கினாள். என்னிடம்தான் கேட்டாள், நான் திரும்பி அவரிடம் கேட்டேன். திரை வெறும் துணிதான், அவள் சொல்வது அவர் காதில் விழாமல் இருக்காது. ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை அவர் எதையும் கேட்காதவராகவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்சீட்டு எம்புட்டு ஆழம்னு கேளு."

"உக்காந்தா நெஞ்சு மட்டும் வருமுங்க. நின்னா இடுப்பு."

"எந்திரிச்சு நிக்கிறதுக்குத் தடங்கல் எதும் உண்டான்னு கேளு."

"இல்லீங்க. பொறத்தால பாத்துத்தான் நிப்போம். துப்பாக்கி வைக்கிற வளையம் ஒண்ணு சுத்தி வரும். மேல ஒண்ணுமில்லீங்க, ஆகாசந்தான்."

திரையின் அடியில் பெரியம்மாவின் பாதங்கள் தெரிந்தன. அவை ஓர் அடி முன்னே வந்தன. மாமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தாம் அழைத்துவந்த சாட்சி எதிர்ப்பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம் அவருக்கு இருந்தது.

"அப்ப வண்டி கடல்ல விழுந்தா, பின்னால இருக்கவுக வெளிய வந்துரலாமான்னு கேளு."

நான் கேட்டேன். அவர் விமானத்தை வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திருப்பி, பின்னிருக்கைத் துளைக்குள் விரலை விட்டு அதன் தரையைத் தொட்டார்.

"இங்க ஒரு சங்கிலி வரோணுமுங்க," என்றார்.

அவரே தொடர்ந்தார். "வண்டி தூக்கிப் போடுறப்ப நிக்கிற ஆளு வெளிய விழுந்துடக் கூடாதல்லங்க. அதுக்காவத் தரையில ஒரு வளையம் அடிச்சிருக்கும். அதுலருந்து சங்கிலி. சங்கிலி மொனையில கொக்கி. அத ஆளோட இடுப்பு வார்ல, முதுகுப் பக்கம், மாட்டி உட்டுருவோம்."

"யாரு மாட்டுவா?"

இதை அவள் என்னிடம் கேட்கவில்லை. நான் திரும்பிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் திரையைப் பார்த்தே பதில் சொன்னார்.

"கீழ நிக்கிறவங்கதானுங்க. அன்னைக்கி நாந்தானுங்க மாட்டுனேன்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். இதை அவரும் அறிந்திருக்கவில்லை.

"அவுகளாக் கழட்டிக்கிர முடியாதா?"

"முடியுமுங்க. தரையில இருக்கறப்ப முடியும். கையப் பின்னால கொண்டுபோயி, கொக்கிய அமுத்தித் திருகோணும். தோல் கோட்டு போட்டிருப்பாங்க, கையொறை போட்டிருப்பாங்க..."

"தண்ணிக்குள்ள?"

அவர் விமானத்தை மடியிலிருந்து எடுத்துப் பாயின்மேல் மெதுவாக வைத்தார். "நல்ல சினேகிதரு எனக்கு அவரு," என்றார்.

வெளியே யாரோ வண்டிமாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். திரையின் அடியில் பாதங்கள் அசையாமல் இருந்தன. நான் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் விமானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா மீண்டும் என்னிடம் பேசினாள்.

"சங்கிலி எம்புட்டு நீளம்னு கேளு."

"மூணடி இருக்குமுங்க."

"அவருக்கு டீ ஆறுதுன்னு சொல்லு."

அவர் டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டார். மாமா அவரோடு பஸ் நிலையம்வரை போனார். இருவரும் தெருவில் முன்னும் பின்னுமாக நடந்து போனதை ஜன்னல் வழியே பார்த்தேன்.

அதன் பிறகு சில நாட்கள் பெரியம்மா விமானத்தைத் தொடவில்லை. பிறகு தொட்டாள். சக்கரங்களைக் கழற்றிச் சிறிதாகச் செய்து மாட்டினாள். புகைக் குழாயைச் சேர்த்தாள். துப்பாக்கி வளையத்தைக் கம்பியால் வளைத்துப் பொருத்தினாள். பின்னிருக்கையின் தரையில் ஊசிமுனையளவு ஒரு வளையம் பதித்தாள். வேலை விரைவாகவே நடந்தது. மாமா ஒருநாளும் வந்து அவசரப்படுத்தவில்லை. சங்கிலிக்கு மட்டும் எதுவும் சரிப்படவில்லை. கம்பியை முறுக்கிப் பார்த்தாள். அது சங்கிலிபோல் தொய்ந்து விழாமல் விறைத்து நின்றது. நூலில் முடிச்சுப் போட்டுப் பார்த்தாள், அதையும் அவிழ்த்துவிட்டாள். ‘யாருக்கும் தெரியப்போவதில்லையே, உள்ளேதானே இருக்கிறது’ என்று நான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்களெல்லாம் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரம். பெரியம்மா விமானத்தை ஜன்னலருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு எதிரே. அவள் தன் நடுவிரலை மடக்காமல் பின்னிருக்கைக்குள் நிறுத்தினாள். அவள் கணக்குப்படி பெரியத்தா ஏறக்குறைய அவ்வளவு உயரந்தான். விரலை வளையத்துக்கு மேலே நிமிர்த்தினாள், சாய்த்தாள், வெளியே எடுத்தாள். மறுபடியும் உள்ளே விட்டாள். இப்படி எத்தனை முறை செய்தாள் என்று நான் எண்ணவில்லை. அவள் முகத்தில் கவனத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

பிறகு இரு கைகளையும் தன் பின்கழுத்துக்குக் கொண்டுபோனாள்.

அவள் கழுத்தில் கிடந்தது கருகமணி. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு நிக்காஹின்போது கட்டுவது. கறுப்பு மணிகளும் பொன் மணிகளும் கோத்தது. பின்கழுத்துப் பகுதி மட்டும் மெல்லிய சங்கிலியாகப் போய் ஒரு சிறு கொக்கியில் முடியும். அவள் கொக்கியை அமுக்கிக் கழற்றினாள். அவ்வளவு நாட்கள் கழற்றாததால் அது உடனே வரவில்லை. மாலையை மடியில் வைத்து, கொக்கியோடு சேர்த்து ஒன்றரை அங்குலச் சங்கிலியைக் கத்தரியால் நறுக்கினாள். மணிகள் சேலைமடிப்பில் உதிர்ந்தன; சில தரையில் உருண்டன. நான் பொறுக்க எழுந்தபோது, "இருக்கட்டும்," என்றாள். நறுக்கிய துண்டின் ஒரு முனையைப் பின்னிருக்கைத் தரையில் இருந்த வளையத்தில் கோத்து இறுக்கினாள். மறுமுனையில் கொக்கி. அது தொய்ந்து, சுருண்டு, மெய்யான சங்கிலியைப் போலவே விழுந்தது. விமானத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"முடிஞ்சிருச்சு," என்றாள்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அவ்வளவு அழகான ஒன்றை அதுவரை நான் பார்த்ததில்லை. அந்த இருட்டுக்குள் பொன் சங்கிலி ஒரு புள்ளி வெளிச்சத்தோடு கிடந்தது. தன் நகையையே வெட்டிப் போட்டு அழகுபடுத்தியிருக்கிறாளே என்று பெரியம்மாவின்மேல் எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். முதலில் அவள் பார்த்தது தரையில் கிடந்த மணிகளை. பிறகு பெரியம்மாவின் கழுத்தை. "அக்கா," என்றாள். நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்து, ஈரக்கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நகையை நறுக்கியதற்கு இவ்வளவு அழ வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. பெரியம்மா அழவில்லை.

"பெட்டியில வெள்ளச் சேல இருக்கும். எடுத்து வெயில்ல போடு, பாச்சா உருண்ட வாட வீசும்," என்றாள்.

இந்தச் சந்தோஷச் செய்தியைச் சொல்வதற்கு ஒருவராவது வேண்டும் என்று நான் மாமா வீட்டுக்கு ஓடினேன். அவர் பள்ளிவாசலிலிருந்து அப்போதுதான் திரும்பி, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, விமானம் முடிஞ்சிருச்சு!"

"பெரியம்மா என்ன சொன்னா?"

"முடிஞ்சிருச்சுன்னுதான் சொன்னுச்சு. கருகமணியக் கழட்டி அறுத்துப் பின்சீட்டுல சங்கிலியா மாட்டிருக்கு மாமா. அம்புட்டு அழகா இருக்கு. அம்மா என்னமோ அழுகுது."

மாமா ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். மாதக்கணக்கில் அவர் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. எதிலும் தாம் சொன்னபடி நடந்தால் மகிழ்கிற மனிதர்தான். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வந்து பாருங்க மாமா. நீங்க குடுத்த கம்பியெல்லாம் எப்படி நிக்குதுன்னு பாருங்க."

"போம்மா. செத்த நேரங் கழிச்சு வாரேன்," என்றார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எங்கள் இரு வீடுகளுக்கும் பொதுவான சுவர் அது.

நான் திரும்பி வந்தபோது பெரியம்மாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. அம்மா கொல்லையில் வெள்ளைச் சேலையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தா வந்தார், விவரம் கேட்டார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்துவிட்டார். மாமா வரவில்லை. ஜன்னலருகே விமானம் தனியாக இருந்தது. வெயில் இறங்கி இறக்கைத் துணியில் மூங்கில்களின் நிழல் தெரியும்வரை நான் அதன் பக்கத்திலேயே, யாராவது வருவார்கள் என்று, உட்கார்ந்திருந்தேன். ஒரு பிழையும் இல்லாமல் செய்து முடித்த ஒன்றை வந்து பார்க்க அந்த இரண்டு வீடுகளிலும் ஒருவருக்கும் மனம் இல்லாமற்போனது எனக்கு அன்று பெரிய அநியாயமாகப் பட்டது.